பேச்சியம்மா அக்காவுக்கு நான் சொன்ன கேதம்

நாலு பேரிடம் கருத்துக் கேட்டுச் செய்தால் எந்தக் காரியமும் கெடாது என்பார்கள். நான் எங்கள் பாட்டுக் குழு முழுவதிடமும் கேட்டேன். (கெட்டது.)

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையே, முளைப்பாரிக்கும் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் பாடப் போகிற பெண்கள் குழு எங்களுடையது. அதை ஆரம்பித்தவர் பேச்சியம்மா அக்கா. அவர் முன்பாட்டுப் பாட, நாங்கள் பின்னால் வாங்கிப் பாடுவோம். அறுபதைத் தாண்டியதும் அக்காவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. வீரசோழன் ஊரைத் தாண்டி ஒரு கொடையில் பாதி அடியில் குரல் நின்றுபோக, மேளக்காரர்தான் தட்டிச் சமாளித்தார். அதன்பின் அழைப்புகள் குறைந்தன. இளவட்டங்கள் இரண்டு பேர் குமாரலிங்கபுரத்தில் மில்லு வந்ததும் வேலைக்குப் போய்விடுவோம் என்றார்கள். குழு கலைந்துவிடும் போலிருந்தது. ஆனால் "அக்கா, இனி வேறு ஆள் பாடட்டும்" என்று முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை.

பூனைக்கு மணி கட்ட நான் கிளம்பினேன். பி.காம். படித்த ஒரே ஆள், அதனால் செயலாளர். (முன்பாட்டு இடத்தின் மேல் எனக்கும் ஒரு கண் இருந்தது. குரல் இருந்ததா என்று கேட்காதீர்கள்.) மகளிர் குழுப் பயிற்சி ஒன்றில் ஒரு மேடம் சொல்லிக்கொடுத்திருந்தார்: "கருத்துக் கேட்கப் போனால் வீட்டுக்குள் போகாதீர்கள், எதையும் வாங்கிக் குடிக்காதீர்கள். உபசாரம் வந்தால் உண்மையான பதில் வராது." அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கம் கேதம் சொல்ல, அதாவது சாவுச் செய்தி சொல்ல வருகிறவர் வாசல்படி தாண்டமாட்டார். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். திரும்பும்போது "வாரேன்" என்று சொல்லமாட்டார். இதெல்லாம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அந்த மேடம் சொன்னதைக் கேட்டதும் தெரிந்ததெல்லாம் மறந்துபோனது.

முதல் வீடு பாளையம்பட்டியில் செவந்தி வீடு. குழுவில் அவளுக்குத்தான் நல்ல குரல், ஆனால் முன்னால் நின்று பாடியதே இல்லை. உச்சி வெயிலில் போய் நின்றேன்.

"உள்ள வாங்க மதினி, தண்ணி குடிங்க" என்று சொம்போடு வந்தாள்.

"வேணாம் செவந்தி. வாசல்லயே சொல்லிட்டுப் போறேன். பேச்சியம்மா அக்கா விஷயமா வந்தேன். அவுக இல்லாம இனி குழு எப்படி நடக்கணும்னு நெனைக்கிற?"

செவந்தி சொம்போடு படியில் உட்கார்ந்துவிட்டாள். "முந்தாநேத்துக்கூட பஸ்ஸுல பாத்தேனே! நல்லாத்தான இருந்தாக!"

"என்ன செய்ய? எல்லாரும் ஒருநாள் ஒதுங்கித்தான ஆகணும். அடுத்து யாரு முன்பாட்டுப் பாடலாம்?"

"இந்த நேரத்துல கேக்குற கேள்வியா மதினி இது?" என்று ஓவென்று அழுதாள்.

குழு மேல் இவ்வளவு பாசமா என்று எனக்கே கண் கலங்கியது. "நாலு மணிக்கு அக்கா வீட்டுல கூடுறோம், வந்துரு" என்றேன். எல்லோரும் சேர்ந்து அக்காவிடம் பக்குவமாகச் சொல்லலாம் என்பது என் திட்டம். அழுகிறவளிடம் "வாரேன்" என்று எப்படிச் சொல்வது? பேசாமல் நடையைக் கட்டினேன்.

அடுத்தடுத்த வீடுகளில் நான் வாய் திறப்பதற்கு முன்பே அழுதார்கள். செவந்தி எல்லோருக்கும் போன் போட்டிருந்தது எனக்குத் தெரியாது. அக்காவுக்கே போட்டுக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். சாவு வீட்டுக்குப் போன் போட்டு "உண்மையா?" என்று எவள் கேட்பாள்?

"மாலை நீங்க வாங்கியாச்சா, நாங்க வாங்கணுமா?" என்று ஒரு அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டார். பொறுப்பிலிருந்து விடைபெறுபவருக்கு மரியாதை செய்ய நினைக்கிறார்கள் என்று பூரித்துப்போனேன்.

"வாங்குங்க, பெருசாவே வாங்குங்க!"

நாலு மணிக்கு முன்பே அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். காட்டை ஒட்டிய ஒற்றை வீடு. அக்கா உள்ளே புளி தட்டிக்கொண்டிருந்தார். பாதை முனையில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, ஆள் உயர மாலையோடு இறங்கினார்கள். செவந்தி ஒப்பாரியை எடுத்தாள். மற்றவர்கள் மாரில் அடித்துக்கொண்டு வாங்கிப் பாடினார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த நிலையிலும் ஒன்று காதில் விழுந்தது: எங்கள் குழு அதுவரை ஒருநாளும் அப்படிப் பாடியதில்லை.

அக்கா முறத்தோடு வெளியே வந்தார். "யாருக்குத்தா?"

பாட்டு அறுந்தது. மாலை பிடித்தவர் மாலையோடு சரிந்தார். கண்ணை மூடிப் பாடிய செவந்தி மட்டும் விடவில்லை, கிள்ளித்தான் நிறுத்தினார்கள்.

நான் தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொன்னேன். கருத்துக் கேட்டது, அடுத்து யார் பாடுவது என்று கேட்டது, ஒன்றையும் மறைக்கவில்லை. அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முறத்தை வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

"மிச்சத்தையும் பாடு, செவந்தி."

"அக்கா, அபசகுனமா..."

"எனக்குத்தான எடுத்த? நானே கேட்டுக்கிறேன். பாடு."

செவந்தி அழுதுகொண்டே பாடினாள். தன் ஒப்பாரியை அக்கா கடைசி அடிவரை தலையாட்டிக் கேட்டார். "நல்லா இருக்கு. எம் மூச்சு அவ்வளவு தூரம் போகாது. இனி நீயே எடு" என்றார். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

இப்போது செவந்திதான் முன்பாட்டு. அழைப்புகள் திரும்ப வருகின்றன. இன்றைக்கு என்ன குழம்பு வைக்க என்று நான் கேட்டால்கூட என் வீட்டுக்காரர், "நீ கருத்துக் கேக்காத தாயி, ஊருல ஆளு கொறையுது" என்கிறார். போகிற வீடெல்லாம் அக்காவே இந்தக் கதையை நடித்துக் காட்டுகிறாராம். ஆனால் அன்றைக்குப் பிறகு அவர் எங்களோடு ஒரு அடிகூடப் பாடவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒத்திகைக்குக் கூப்பிடப் போகிறேன்.

"செத்தவ எங்கடி பாட வரப்போறா?" என்று சொல்லிச் சிரிக்கிறார் அக்கா. பக்கத்தில் இருப்பவர்களும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துவிட்டுத் திரும்புகிறேன்.