சோழி சாரும் இருநூற்றுப் பன்னிரண்டாவது மாப்பிள்ளையும்

திறந்த எதையும் மூடாமல் விட்டதில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்யக்கூடிய ஆள் சென்னை மாநகரத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் சோழி சார். குழாய், ஜன்னல், பேனா, பக்கத்து சீட்டுக்காரரின் பை என்று எல்லாவற்றையும் மூடிவிட்டுத்தான் நகர்வார். பாதி இட்லியில் தண்ணீர் குடிக்க எழுந்துபோய்த் திரும்பினால் என் டிபன் பாக்ஸ் மூடியிருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசி. பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு ஜவுளிக்கடை மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் கம்பெனி. ஆறு பேர், நாலு கம்ப்யூட்டர், ஒரு ஏசி, அதுவும் கம்ப்யூட்டர்களுக்காக. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய விவரங்களைக் கம்ப்யூட்டர் கோப்பில் எழுதுவதும், திரும்பப் படிப்பதும்தான் பிழைப்பு. ரெடிமேடாக எந்த மென்பொருள் வந்தாலும் சார் தொட மாட்டார். புரோகிராம்களில் சேர்த்துக்கொள்ள அவரே ஒரு கட்டளைத் தொகுப்பு, அதாவது லைப்ரரி, எழுதி வைத்திருந்தார். எழுதுவதற்கு அதில் மூன்றே கட்டளைகள்: திற, எழுது, மூடு. ஒரு ஆளின் விவரத்தைத் திறந்தால் நாமே ஞாபகமாக மூட வேண்டும்.

"அதுவே மூடிக்கினா உனுக்கு இன்னாமா வேலை?" என்பார்.

கோப்பை அவர் சரிபார்க்கும் அழகே தனி. அச்சடித்த தாள்களைப் பரப்பி, பென்சிலால் வரி வரியாகப் போவார். ஒன்று திறந்தால் மேஜையில் ஒரு சோழி வைப்பார். அது மூடினால் எடுத்துவிடுவார். கடைசித் தாளில் மேஜை காலியாக இருந்தால் கோப்பு சரி. இதைப் பார்த்த கூரியர்காரர் ஒருவர் பவ்யமாகக் கையை நீட்டி, "சாமி, எனுக்கு சொந்த வூடு கீதா?" என்று கேட்டிருக்கிறார்.

மயிலாப்பூரில் திருமணத் தகவல் நிலையம் நடத்திய ஒரு மாமியும் அவரை ஜோசியர் என்றே நம்பினார். மாமியின் மாப்பிள்ளைப் பட்டியலைக் கோப்பாக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நாலு மணிக்கு மாமி பிளாப்பி வாங்க வருவார். அன்று காலையில் புரோகிராமை ஓட்டிப் பார்த்தேன். அறுநூறு மாப்பிள்ளைகளில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்தான் திரையில் வந்தார்கள். மிச்சப் பேரைக் காணோம்.

"சார், கடைசியா வந்தவரை மட்டும் பாத்தா போதாதா?"

"நடுவுல பூந்தா எவன் எங்க கீறான்னு இன்னா தெரியும்? மொதல்லேர்ந்து வா."

வந்தோம். சோழி ஏறியது, இறங்கியது. மதியச் சாப்பாடு போயிற்று. இருநூறைத் தாண்டியதும் பென்சில் மெதுவாகி, இருநூற்றுப் பன்னிரண்டில் நின்றேவிட்டது. அந்த ஆளுக்கு நட்சத்திரம் காலி. காலியாக இருந்தால் அடுத்த ஆளுக்குத் தாவும்படி நான் எழுதியிருந்தேன். தாவிய அவசரத்தில் இவரை மூடவில்லை. பின்னால் வந்த அத்தனை மாப்பிள்ளைகளும் இவருக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

பெயரைப் படித்தேன். வயது முப்பத்தொன்பது, கம்ப்யூட்டர் வேலை, ஆதம்பாக்கம். எங்கள் வருகைப் பதிவேட்டில் மட்டுமே நான் பார்த்திருந்த பெயர். நிமிர்ந்து சோழி சாரைப் பார்த்தேன்.

"நான் பொறந்த அன்னிக்கு அடையாத்துல வெள்ளம்மா. எங்கம்மா என்னைத் தூக்கிக்கினு ஓடிக்கினு இருந்துது. கடியாரம் காலண்டர்லாம் பாக்க யாருக்கு டைம்?" என்றார். பிறகு மெதுவாக, "யாராண்டயும் சொல்லாத."

மூடும் வரியைச் சேர்த்து பிளாப்பியில் ஏற்றுவதற்கும் மாமி வருவதற்கும் சரியாக இருந்தது. மாமிக்கு சாரைப் பட்டப்பெயரில்தான் தெரியும்; தபாலில் வந்த அந்த விண்ணப்பம் அவருடையது என்று தெரியாது. தாள்களைப் புரட்டியவர் ஓரிடத்தில் நின்றார்.

"யாருடிம்மா இது, நட்சத்திரமே இல்லாம? இவன வச்சுண்டு நான் என்ன பண்றது? எடுத்துடு." சார் பக்கம் திரும்பி, "நீங்களே சோழி போட்டுச் சொல்லுங்கோ. இவனுக்கெல்லாம் கல்யாணம் ஆகுமா?"

மாமியின் பேனாவை மூடிக்கொண்டிருந்த சாரின் கை நின்றது. "கஸ்டம்தாம்மா. எடுத்துடுங்க" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மாமி, அவரை எடுக்கவே முடியாது. எடுத்தா அவருக்குப் பின்னாடி இருக்கிற அத்தனை மாப்பிள்ளையும் போயிடுவாங்க. காலைல அதான் ஆச்சு. வேணும்னா சாரையே கேளுங்க."

கம்ப்யூட்டர் விஷயத்தில் யாராவது அரைகுறையாகப் பேசினால் குதறிவிடும் மனிதர், மேஜையையே பார்த்துக்கொண்டு, "ஆமாம்மா" என்று முனகினார். அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அது.

"ஐயையோ! அப்போ இருந்துட்டுப் போகட்டும்" என்று மாமி பிளாப்பியோடு கிளம்பினார். சார் ஓடிப்போய் அவர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

அடுத்த ஆவணியில் சாருக்குக் கல்யாணம், மாமியின் பட்டியல் வழியாகத்தான். பெண் கொட்டிவாக்கத்தில் டீச்சர். ஜாதகம் பார்க்காத வீடு. மாலையும் கழுத்துமாக இருந்தவர் தாலி கட்டிய கையோடு எட்டி, திறந்து கிடந்த குங்குமச் சிமிழை மூடியதை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன்.

இருநூற்றுப் பன்னிரண்டாவது ஆளுக்காக அவர் வைத்த சோழி, மாமி வந்துபோன அன்று மேஜையிலேயே கிடந்தது. எடுத்து வைத்துக்கொண்டேன். நாலைந்து தடவை கேட்டுப் பார்த்தார், தரவில்லை. எல்லாவற்றையும் மூடக் கற்றுக்கொண்டேன். அவரை மட்டும் மூட எனக்கு மனசு வரவில்லை.