மருந்தைக் காப்பாற்றுகிறவர்

நோயாளியைக் காப்பாற்ற வைத்தியர் இருக்கிறார். பயிரைக் காப்பாற்ற உரக்கடைக்காரர் இருக்கிறார். மருந்தைக் காப்பாற்றுவதற்கென்றே ஓர் இனம் இருப்பது உங்களுக்குத் தெரியுமா? கோவையில் அது செழிப்பாக வளர்கிறது. சிறுவாணித் தண்ணீர் ஒத்துக்கொள்கிறது போலும்.

எங்கள் பக்கத்து வீட்டு டாக்டர் பொங்கியண்ணனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி போடுகிற டாக்டர் அல்ல. ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர். பீளமேட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் மருந்தியல் பேராசிரியர். சர்க்கரை நோய்க்கென்று ஏதோ ஒரு வேரை இடித்துப் பொடியாக்கி, எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். எலிக்குச் சர்க்கரை குறைந்தால் அது மருந்தின் குணம். எலி செத்தால் அது எலியின் குணம். பொடியே கொடுக்காமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தனியே வைத்திருக்கும் கூண்டில் ஓர் எலி செத்துவிட்டாலோ, அன்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்!

"பார்த்தீங்களா? மருந்து கெடைக்காமப் போயிருச்சுங்க."

அவரிடம் ஆராய்ச்சி செய்த நிலோஃபர் என்ற மாணவி, ஒருநாள் செத்த எலியை அறுத்துப் பார்த்துவிட்டு வந்து நின்றாளாம். மாணவர்களை எப்படிப் பழக்குகிறேன் பாருங்கள் என்று அவரே என்னிடம் பெருமையாகச் சொன்னது இது.

"சார், பொடி சாப்பிட்டதுல இன்னொண்ணும் செத்துப்போச்சுங்க. ஈரல் வீங்கிக் கெடக்குதுங்க."

"முந்தியே வீங்கியிருக்கும் அம்மிணி."

"முந்தி எப்படிங்க சார் பார்க்கறது? அப்ப உசுரோடயில்ல இருந்துச்சு?"

"அதத்தான் சொல்றேன். கண்ணுல பார்க்காம மருந்து மேல பழி போடலாமா?"

கோடையில் செத்தால் வெக்கை, மழையில் செத்தால் ஈரம், கரண்ட் போன ராத்திரி செத்தால் புழுக்கம், இவை எதுவும் இல்லாத நல்ல நாளில் செத்தால் பக்கத்து மில்லின் சங்குச் சத்தத்தில் அதிர்ச்சி. இப்படிச் சில வருடம் ஓடியது. பிறகு தொண்ணூற்றைந்து வாக்கில் பெங்களூரில் ஒரு கருத்தரங்குக்குப் போனவர், திரும்பும்போது ஜீன் என்ற சொல்லை வாங்கிவந்தார். அன்றோடு வெக்கைக்கும் சங்குக்கும் ஓய்வு.

"அந்த எலியோட ஜீன்ல கோளாறுங்க."

எந்த ஜீன் என்று கேட்டேன்.

"அது தனி ஆராய்ச்சிங்க."

அவருடைய மாமனார் லட்சுமணசாமி, கோபிசெட்டிபாளையத்தில் மஞ்சள் போட்டவர். மனைவி போன பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகள் பொற்கொடியோடு வந்து இருந்தார். எழுபதை நெருங்கும் வயது. சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சுருட்டு. தினமும் மாலையில் நானும் அவரும் அவிநாசி சாலை வரை நடப்போம். நான் இரண்டு சொல் பேசுவதற்குள் அவர் ஒரு வெள்ளாமையையே அறுத்து முடித்திருப்பார். சர்க்கரை அவருக்கும் இருந்தது. மருமகன் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையப் பொடி கொண்டுவந்து கொடுத்தார்.

"ஏனுங் தம்பி, மாப்பிள்ளைங்க கண்டுபுடிச்சத நானே திங்கலீன்னா ஊர்ல வேற எவன் திம்பான்?" என்றார் பெரியவர்.

காலையும் மாலையும் ஒரு கரண்டி. சர்க்கரை குறைந்தது. அது மருந்தின் குணம். தெரு முழுக்கச் சொல்லப்பட்டது. பிறகு ஒருநாள் பொற்கொடி கணவரைக் கூப்பிட்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்டது.

"ஏனுங்க, அப்பாவுக்குக் கண்ணு மஞ்சளா இருக்குதுங்க."

"வாழ்நாள் பூரா மஞ்சள் வேகவெச்ச மனுசன். ஒடம்புல ஊறியிருக்கும்."

"காட்ட விட்டு வந்து ரெண்டு வருசமாச்சுங்க!"

"மெதுவாத்தான் வெளிய வரும்."

"பொடிய நிறுத்திப்போடலாமுங்க."

"நிறுத்தினா மாமாவுக்குச் சர்க்கரை ஏறிப்போயிரும். நீ சும்மா இரு."

பெரியவர் நடக்க வருவது நின்றது. சாப்பாடு நின்றது. நினைவு தப்பிய பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வேறு ஏதாவது மருந்து சாப்பிட்டாரா என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார். மாற்றுத்துணி எடுத்துவரப் பொற்கொடி வீட்டுக்குப் போயிருந்தாள். பொங்கியண்ணன்தான் பதில் சொன்னார்.

"மருந்துன்னு ஒண்ணும் இல்லீங்க."

மருந்து காப்பாற்றப்பட்டது. பொற்கொடி துணியோடு அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலையும் தூக்கிவந்து டாக்டரின் மேசைமேல் வைத்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது.

துக்கம் கேட்க வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, பொங்கியண்ணன் ஆள் ஆளாக விளக்கினார். கோபியிலிருந்து வேனில் வந்திறங்கிய பங்காளிகளுக்கும் விளக்கினார்.

"மாமாவோட ஜீன் அப்படிங்க. யாரு என்ன பண்ண முடியும்?"

பொற்கொடி உள்ளேயிருந்து வந்தாள். ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்த பாட்டில் அவள் கையில் இருந்தது. மறு கையில் கரண்டி.

"எனக்கும் அதே ஜீன்தானுங்களே. ஒரு கரண்டி குடுங்க, திங்கறேன்."

பொங்கியண்ணன் கரண்டியைப் பார்த்தார்; மனைவியைப் பார்த்தார். பிறகு பாட்டிலை வாங்கி மூடியை இறுக்கித் திருகி, யாருக்கும் எட்டாத உயரத்தில் பரண்மேல் வைத்தார். அவர் செய்த சோதனைகளில் சந்தேகத்துக்கு இடமில்லாத முடிவு தந்தது அது ஒன்றுதான். இதுவரை அவர் அதை வெளியிடவில்லை.

நிலோஃபர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டாள். நான் மாலையில் அவிநாசி சாலை வரை தனியாக நடந்துவிட்டு வருகிறேன்.

நீங்கள் அப்படிப்பட்டவர் அல்ல, எனக்குத் தெரியும். ஆனால் இதைப் படித்து வரும்போது, 'எழுபது வயது, சுருட்டு வேறு, பெரியவருக்கு உள்ளே முந்தியே ஏதாவது இருந்திருக்கும்' என்று ஒரு நினைப்பு உங்களுக்குள் எட்டிப் பார்த்திருந்தால், கூச்சப்பட வேண்டாம். பொங்கியண்ணனிடம் ஓர் இடம் காலியாக இருக்கிறது.