இன்முகம், இன்சொல், இன்டிசைஸிவ்

"அக்கா, க்ரீம் இறுகிக்கினு கீது. பேரு இன்னான்னு சொல்லு."

மர்சலினிடம் கேட்ட ஏசுராஜின் கையில் இளஞ்சிவப்பு க்ரீம் கோன். அவன் முன்னால் வெள்ளை வெளேரென்று ஒரு பெரிய கேக். அதன் நடுவில் ஒரு குழந்தையின் பெயர் வரவேண்டும். அந்தப் பெயர்தான் இன்னும் வந்து சேரவில்லை.

பெயர்சூட்டு விழா கோபாலபுரத்தில், அன்று சாயங்காலமே. குழந்தையின் அப்பா ஜெஃப்ரியை மர்சலினுக்குச் சாந்தோம் கோயிலில் பழக்கம். அம்மா தமிழ்மொழி, ஒரு தமிழாசிரியரின் மகள். ஜெஃப்ரியின் தாய் ஜூலியட்டுக்குப் புனிதர் பெயர் வேண்டும். தமிழாசிரியருக்குத் தனித்தமிழ்ப் பெயர் வேண்டும். ஜெஃப்ரியைக் கேட்டால் தமிழ்மொழி சொல்வாள் என்றான். தமிழ்மொழியைக் கேட்டால் அவர் சொல்வார் என்றாள். மத்தியானத்துக்குப் பிறகு இரண்டு போனும் அடித்து அடித்து ஓய்ந்தன.

வேறொரு நாளாக இருந்தால் மர்சலின் உடனே முதலாளி நிரஞ்சனைக் கூப்பிட்டிருப்பாள். ஆழ்வார்பேட்டைக் கேக் கடைக்கு அவள்தான் பொறுப்பு. ஆனாலும் அவனைக் கேட்காமல் எதையும் செய்ததில்லை. "தம்பி, மழை வர மாதிரி கீது, முட்டை பஃப்ஸ் பாதி போட்டா போதும், இன்னா சொல்றீங்க?" என்பாள். "அப்படியே செய்யுங்கக்கா" என்பான். எல்லாவற்றுக்கும் அதே பதில்தான் வரும். இருந்தும் அந்தப் பதில் காதில் விழாமல் அவளால் அடுப்பைப் பற்றவைக்க முடியாது. கேட்டுக்கேட்டுச் செய்கிறவள் என்றே அவளும் தன்னைப் பற்றி நினைத்திருந்தாள்.

காலையில் காதில் விழுந்த ஒரு சொல் அதை மாற்றிவிட்டது.

நிரஞ்சன் கண்ணாடி அறைக்குள் போனில் பேசிக்கொண்டிருந்தான். மறுமுனையில் அவன் அப்பா ஜவஹர். கடையைத் தொடங்கியவர் அவர்தான். இப்போது அடையாற்று வீட்டில் ஓய்வாக இருக்கிறார். அசோக் நகரில் திறக்கப்போகும் கிளைக்கு யார் பொறுப்பு என்பதை அன்று இரவுக்குள் சொல்லிவிடுவார் என்று கடை முழுக்கப் பேச்சு. மர்சலினுக்கு அந்தக் கிளை வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பதைக் கணவன் காஸ்பரிடம்கூடச் சொன்னதில்லை. பூசை முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய், புதிதாகப் பெயிண்ட் அடித்த அந்த ஷட்டரை எதிர்ப்புறம் நின்று பார்த்துவிட்டு வருவாள்.

"மர்சலின் அக்காவா? ஷி இஸ் வெரி இன்டிசைஸிவ், டாடி."

கதவிடுக்கில் வந்தது அவ்வளவுதான்.

டிசைஸிவ் என்றால் சட்டென்று முடிவெடுக்கிறவர். கடை ஆட்களுக்கு நடந்த பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். முன்னால் ஒட்டிக்கொண்டிருந்த அந்த 'இன்'தான் கேள்வி. அதனிடம் இன்னொரு முறை ஏமாற மர்சலின் தயாராக இல்லை. முன்பு ஒரு திருவிழாவில் பங்குச்சாமியார் மேடையேறி, மர்சலினுடைய சேவை இன்வேல்யுபிள் என்றார். மதிப்பே இல்லாதது என்று இவள் எடுத்துக்கொண்டு, அந்தக் கிறிஸ்மஸுக்குக் கோயிலுக்குக் கேக்கே அனுப்பவில்லை. விலை மதிப்பிடவே முடியாத அளவுக்கு உயர்ந்தது என்று அப்புறம்தான் தெரிந்தது. ஆக, இங்கிலீஷில் 'இன்' வந்தால் ஒரு படி மேலே. தமிழில் கேட்கவே வேண்டாம். இன்முகம், இன்சொல், இன்னிசை. அப்படியானால் இன்டிசைஸிவ்? இனிமையாகவும் முடிவெடுப்பவள், சட்டென்றும் முடிவெடுப்பவள்.

தன்னை ஒருவர் இப்படிப் பார்த்திருக்கிறார் என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது. யாரோ தைத்துக்கொடுத்த ரவிக்கை அளவு பார்க்காமலே பொருந்திவிட்டது போலிருந்தது.

"நைனா, அமலின்னு எழுது" என்றாள்.

ஏசுராஜ் நிமிர்ந்து பார்த்தான். "அவுங்க சொன்னாங்களா?"

"நான் சொல்றேன்."

மாதாவுக்கு அமலோற்பவி என்று பெயர். ஜூலியட் மறுக்க முடியாது. மாசில்லாதவள் என்று பொருள். தமிழாசிரியரும் மறுக்க முடியாது. இப்படிக் கணக்குப் போட்டுப் பூரித்துக்கொண்டே திரும்பியவள் கேக்கைப் பார்த்தாள். அதில் 'அமளி' என்று இருந்தது.

"டேய், இது பெரிய ளிடா. அமளின்னா சண்டை, கலாட்டா."

"நீ சொன்னதத்தான் எழுதிக்கீறேன். உன் வாயில ரெண்டும் ஒண்ணாத்தான் வருது."

கத்தியால் சுரண்டியதில் 'ளி' போயிற்று. ஆனால் வெள்ளையில் இளஞ்சிவப்பு இழுசிக்கொண்டது. அதன்மேல் ஒரு பெரிய ரோஜாப்பூவை வைக்கச் சொன்னாள். இழுசல் மறைந்தது. மிச்சம் நின்றது 'அம'.

"அம இன்னாக்கா?" என்றான் ஏசுராஜ்.

ஒரு கணம் கை தன்னால் போனை நோக்கிப் போனது. மர்சலின் அதை இழுத்துக்கொண்டாள். 'ம'வின் தலையில் ஒரு புள்ளி. பூவுக்கு அந்தப் பக்கம் ஒரு 'மா'. இப்போது படித்தால் நடுவில் பூ மலர்ந்த 'அம்மா'. பெயரே தேவைப்படாத கேக். அவளுக்கே தன்மேல் மரியாதை வந்தது.

கேக்கை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் அவளே கிளம்பினாள். பாதி வழியில் ஜெஃப்ரி கூப்பிட்டான். பெயர் இன்னும் முடிவாகவில்லையாம். கேக்கில் தயவுசெய்து எதையும் எழுதவேண்டாமாம், வீட்டில் எல்லோரும் கொதிநிலையில் இருக்கிறார்களாம்.

"நான் பாத்துக்கினேன்பா" என்று சொல்லிப் போனை வைத்தாள். மறுமுனையில் இருப்பவர் வைப்பதற்கு முன்னால் அவள் வைத்த முதல் போன் அது.

கோபாலபுரத்து வீட்டில் பெட்டியைத் திறந்ததும் ஜூலியட்தான் முதலில் படித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஜெஃப்ரி, அம்மான்னு போட்டிருக்கே, என் பேரையா வைக்கப்போற? சொல்லவே இல்லியேப்பா."

தமிழ்மொழியின் தாய் வசந்தி எட்டிப் பார்த்தார். "அம்மான்னா உங்க அம்மா மட்டுந்தானா மாப்ள? என் பொண்ணு வானத்துலேர்ந்தா குதிச்சா?"

ஜெஃப்ரி மனைவியைப் பார்த்தான். மனைவி கேக்கைப் பார்த்தாள். அதற்குள் கல்யாணத்தன்று யார் பந்தியில் பிரியாணி தாமதமானது என்பது வரை பேச்சு போய்விட்டது. குழந்தை விழித்து, தன் பங்குக்கு வீறிட்டது.

பழைய மர்சலின் இந்நேரம் தெருமுனை தாண்டியிருப்பாள். இவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்துக்கு நடுவில் வந்து நின்றாள். அம்மா என்பது யார் அம்மாவும் இல்லை, சுரண்டியதில் மிஞ்சியது என்று விளக்கினாள். தான் வைத்த பெயர் அமலி என்றாள்.

"எங்க பேத்திக்குப் பேர் வைக்க நீங்க யாரும்மா?" என்று தமிழாசிரியர் கேட்டார். கோபமாகக்கூட இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியவர் போலக் கேட்டார்.

மர்சலின் முதுகை நிமிர்த்தினாள்.

"எங்க மொதலாளியே சொல்லிக்கீறாரு சார். ஐ ஆம் வெரி இன்டிசைஸிவ்."

ஜெஃப்ரி உதட்டைக் கடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்தான்.

"ஆன்ட்டி, அப்படின்னா எந்த முடிவும் எடுக்கத் தெரியாதவங்கன்னு அர்த்தம்."

"அது எப்டிப்பா? இன்முகம், இன்சொல்..."

தமிழாசிரியர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "இந்தம்மா சொல்றதுதான் சரி. இங்கிலீஷ்தான் தப்பு" என்றார். பிறகு, சபையில் ஒன்றை மறைக்கக்கூடாது என்பதுபோல, "ஆனா அமலி வடசொல்" என்றார்.

"வடசொல்லோ தென்சொல்லோ, கேக் கடையில வச்ச பேரு என் பேத்திக்கு வேணாம்" என்றார் ஜூலியட்.

"அதானே" என்றார் வசந்தி.

இரண்டு பாட்டிகளும் ஒரே பக்கம் நின்றது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை. மற்றதெல்லாம் வேகமாக நடந்தது. அருள்மொழி என்றார் ஒருவர். அருள் என்று வருவதால் ஜூலியட்டுக்குச் சம்மதம். மொழி என்று வருவதால் தமிழாசிரியருக்குச் சம்மதம். குழந்தை பிறந்த அன்றே இரண்டு பக்கமும் மனதில் வைத்திருந்த பெயர்தானாம். முதலில் வாய்விட்டவர் இறங்கி வந்தவராகிவிடுவார் என்று ஆளுக்கு ஆள் காத்திருந்திருக்கிறார்கள். கேக்கை அறுத்தார்கள். பூ இருந்த துண்டை மர்சலினுக்கே கொடுத்தார்கள்.

திரும்பும் ஆட்டோவில் மடி காலியாக இருந்தது. அசோக் நகர் கைவிட்டுப் போயிற்று. அவளுக்குத் தெரிந்துவிட்டது. முடிவெடுக்கத் தெரியாதவள் என்று நிரஞ்சன் காலையிலேயே சொல்லிவிட்டான். இவள் அதைப் பதக்கமாகக் குத்திக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறாள்.

வெட்கம் வரட்டும் என்று காத்திருந்தாள். கொஞ்சம் வந்தது. எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. இந்த ஒரு நாளில் செய்ததை எல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்தாள். 'ளி'யைத் தவிர வேறு எதையும் மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. நாளைக்கே ஒருத்தர் பெயரில்லாத குழந்தையோடு வந்து நின்றால், அவள் மறுபடியும் ஒரு பெயரைச் சொல்லத்தான் செய்வாள். அந்த ஷட்டரை இன்னும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை எதிர்ப்புறம் நின்று பார்ப்பது?

போன் அடித்தது. ஜவஹர்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசிவிட்டாள். "ஐயா, நான் இன்டிசைஸிவ் இல்ல. தம்பி தப்பா சொல்லிக்கீறாரு. அசோக் நகர எனக்குக் குடுங்க. நான் நடத்திக் காட்றேன்."

மறுமுனையில் ஒரு நீண்ட பெருமூச்சு.

"அதத்தாம்மா நானும் காலையிலேர்ந்து அவன்கிட்ட பேசிட்டிருக்கேன். உங்கள அனுப்பலாம்டான்னா, நீங்க இன்டிசைஸிவ்ங்கறான். சரி, வேற யாரத்தான் அனுப்பறதுன்னு கேட்டா, 'இருங்க டாடி, மர்சலின் அக்காவக் கேட்டுச் சொல்றேன்'ங்கறான்."