பாப்பாவை எழுப்பாத மெஷின்

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இங்கே மூவரும் சௌக்கியம். சௌக்கியம் என்றால், தினமும் மதியம் ஒருத்தி தூங்குகிறாள், ஒருவர் அவளுக்கு மெத்தையாகப் படுத்திருக்கிறார், நான் இருவருக்கும் மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அங்கே நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் இதைவிட நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சனிக்கிழமை வரும்போது தம்பிக்கு அந்தக் கையடக்க கேம் மெஷினில் எது வாங்கி வரட்டும் என்று நீங்கள் கேட்டு நாளாகிவிட்டது. பதில் போடாததற்குத் திமிர் காரணமில்லை அண்ணி. இன்னும் முடிவாகவில்லை, அதுதான் காரணம்.

உங்கள் தம்பி சின்ன வயதில் டி.வி. முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கேசட்டை ஊதி ஊதிச் செருகி விளையாடுவார் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அந்த விளையாட்டுகள் அத்தனையும் இப்போது நகம் அளவு மெமரி கார்டில் அடங்கிவிட்டனவாம். அவற்றை ஓட்ட, அந்தக் காலத்து மெஷின் மாதிரியே நடிக்கிற இந்தக் காலத்து மெஷின் ஒன்று வேண்டுமாம். விளையாட்டுக்கே சந்தேகம் வராதபடி நடிக்குமாம். இப்படி நடிக்கிற மெஷின்கள் உலகத்தில் எத்தனை என்று கேட்டுவிடாதீர்கள். ஒன்றை முடிவு செய்துவிட்டுப் படுத்தால், விடிவதற்குள் அதற்கு ஒரு தம்பி பிறந்துவிடுகிறது. அதன் திரை இன்னும் நல்ல திரை, ஆனால் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். இதன் பேட்டரி நிற்கும், ஆனால் திரை அகலம், அதில் பழைய விளையாட்டை ஓட்டினால் ஓடுகிறவன் குட்டையாகப் பருத்துப்போவான். "பருத்தா பருத்துட்டுப் போறான், ஓடறானா இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். அன்றைக்கு முழுக்க என்னோடு சரியாகப் பேசவில்லை.

அவர் விளையாடுவதில் எனக்கு ஆட்சேபமில்லை. என் கவலை வேறு. திங்கட்கிழமை நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். தண்ணீர் பரிசோதனைக்கூடத்தில் என் மேஜையில் இப்போதே இன்னொரு பெண் டிபன் பாக்ஸ் வைக்கிறாளாம். இனிமேல் லீவு கேட்டால் மேஜையே அவளுக்குப் போய்விடும். மதியத்தில் பாப்பாவை உங்கள் தம்பி பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. ஆனால் பாப்பாவின் மதியத் தூக்கம் யாராவது ஒருவர் நெஞ்சின் மேல்தான். தொட்டிலில் போட்டால் முதுகு படுவதற்கு முன்பே கண்ணைத் திறந்து, வாயையும் திறந்துவிடுவாள். "நான் அசையாம படுத்திருக்கேன், அதுல பிரச்சினை இல்ல. ஆனா சும்மா படுத்திருந்தா நானும் தூங்கிடுவேன். நான் தூங்கி அவ உருண்டுட்டா?" என்று உங்கள் தம்பி கேட்டார். அதோடு என் தூக்கம் போயிற்று. ஆக, அவர் கண் மூடாமலிருக்க கையில் மெஷின் இருக்க வேண்டும், அந்த மெஷின் பாப்பாவை எழுப்பக்கூடாது. இதுதான் அண்ணி விஷயம், இதற்குள் என் வேலை இருக்கிறது.

முதலில் டயப்பர் பெட்டியைக் கிழித்து கடைசியில் மிஞ்சிய மூன்று மாடல்களையும் சரியான அளவில் அட்டையில் வெட்டினார். படுக்கைவாட்டில் இருப்பதற்கு நீட்டு, நிமிர்ந்து நிற்பதற்கு நெட்டை, இரண்டாக மடிவதற்கு மடக்கு என்று வீட்டுக்குள் பெயர் வைத்திருக்கிறோம். பாப்பாவை நெஞ்சில் போட்டுக்கொண்டு அட்டையைத் தூக்கிப் பிடித்து, வரைந்த பட்டன்களைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டிருந்தார். கை வலிக்கிறதா என்று பார்க்கிறாராம். குழாய் சரிசெய்ய வந்தவர் அந்த அறையைத் தாண்டித்தான் குளியலறைக்குப் போக வேண்டும். போனவர் அப்படியே திரும்பி வந்து என்னிடம் மெதுவாக, "சாருக்கு எவ்வளவு நாளாம்மா இப்படி?" என்றார். "இப்பதான், வெட்டி முடிச்ச உடனே ஆரம்பிச்சிட்டார்" என்றேன். அவர் சீக்கிரமாக வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டார்.

அட்டைக்குக் கனம் கிடையாதே என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது. கண் செருகி, கை தளர்ந்து, மெஷின் பாப்பா தலையில் விழுந்தால்? நான் படித்தது வேதியியல், பரிசோதிக்காமல் எதையும் நம்பிப் பழக்கமில்லை. அட்டையின் முதுகில் அந்தந்த மெஷினின் எடைக்குச் சோப்பைக் கட்டி, கை உயரத்திலிருந்து தக்காளி மேல் போட்டுப் பார்த்தோம். நீட்டு தக்காளியை நசுக்கிவிட்டது. நெட்டை பிளந்துவிட்டது. மடக்கு, மடித்தபடி விழுந்தால் ஒன்றும் செய்யவில்லை, திறந்தபடி விழுந்தால் நெட்டையைவிட மோசம். சரி, மணிக்கட்டில் கயிறு போட்டுக் கட்டிக்கொள்கிறேன் என்றார். கயிறா, பாப்பா கழுத்துக்குப் பக்கத்திலா என்று நான் போட்ட சத்தத்தில் பாப்பா எழுந்துவிட்டாள். அடுத்தது வெளிச்சம். திரை வெளிச்சம் அவள் முகத்தில் படாமலிருக்கத் தன் தலைக்கும் கைக்கும் சேர்த்து ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு, மெஷினுக்குப் பதில் போனை வைத்து ஒத்திகை பார்த்தார். பாதித் தூக்கத்தில் தலையைத் தூக்கிய பிள்ளை, தலையில்லாத அப்பாவைப் பார்த்தால் என்ன செய்யும், சொல்லுங்கள். அன்றைக்குச் சாயங்காலம் வரை அவர் கிட்டேயே போகவில்லை.

கடைசியில் பட்டன் சத்தத்தில் வந்து நின்றது. இதை வீடியோவில் கேட்டு முடிவு செய்ய முடியாது என்று பாப்பாவை முன்பக்கம் கட்டித் தூக்கிக்கொண்டு நானே கடைக்குப் போனேன். கடைக்காரப் பையன் மூன்றையும் எடுத்து வைத்தான். நான் ஒவ்வொன்றையும் காதில் வைத்து அமுக்கிப் பார்த்தேன்.

"அக்கா, எல்லாரும் கண்ணால பார்ப்பாங்க. நீங்க என்ன, காதுல வச்சுப் பார்க்கறீங்க?"

"சத்தமே வராத பட்டன் இருக்கா தம்பி?"

"பட்டனே இல்லாதது இருக்கு. அதுக்கு போன்னு பேரு."

"கிண்டல் பண்ணாத. குழந்தை நெஞ்சு மேல படுத்திருக்கும்போது ஆடற மாதிரி எது?"

"பஸ்ல ஆட, பாத்ரூம்ல ஆடன்னு கேட்டு வாங்கிட்டுப் போறாங்க. இப்படி யாரும் கேட்டதில்லக்கா."

நெட்டையின் முதுகுப் பட்டன் ஒவ்வொரு அமுக்கலுக்கும் விரல் சொடுக்குகிற மாதிரி சொடுக்கிற்று. நீட்டுக்குப் பாப்பா ஒரு கண்ணைத் திறந்து என்னைக் கடைக்காரனுக்கு முன்னால் அவமானப்படுத்துகிற மாதிரி பார்த்தாள். மடக்குக்கு மட்டும் மெத்து மெத்தென்று ரப்பர் பட்டன், சத்தமில்லை. திரையும் சதுரமாக இருக்கிறது, ஓடுகிறவனும் பருக்கமாட்டான். ஆகவே அண்ணி, தயவுசெய்து மடக்கே வாங்கி வாருங்கள். கருப்பு வேண்டாம், கட்டிலில் போர்வைக்குள் கிடந்தால் தெரியாது, பாப்பாவை அதன் மேல் நாமே உட்கார வைத்துவிடுவோம். கூட வருகிற மெமரி கார்டு மட்டமானது, நல்லதாகத் தனியாக ஒன்று வாங்க வேண்டும் என்று உங்கள் தம்பி நூறு தடவை சொல்லச் சொன்னார், ஒரு தடவையாகச் சொல்கிறேன். சனிக்கிழமை மெஷின் கைக்கு வந்தால்தான் ஞாயிறு ஒருநாள் ஒத்திகை பார்த்துவிட்டு நான் திங்கட்கிழமை கிளம்ப முடியும்.

அண்ணனுக்கு என் வணக்கம். பிள்ளைகளின் கன்னத்தை என் சார்பில் கிள்ளிவிடுங்கள், மெதுவாக. உங்கள் ஆசி எங்களுக்கு எப்போதும் வேண்டும், இந்த வாரம் சற்றுக் கூடுதலாக.

பாசத்துடன்,
உங்கள் தம்பி மனைவி

பி.கு: பக்கத்தில் இருந்தால் வரிக்கு வரி திருத்தம் சொல்வார் என்று, பால் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்துதான் இவ்வளவையும் எழுதினேன். அனுப்புவதற்கு முன்னால் அறையை எட்டிப் பார்த்தேன். பாப்பா தொட்டிலில், கையைக் காலை விரித்துப் போட்டு அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறாள். உங்கள் தம்பி தரையில் உட்கார்ந்து நாலாவதாக ஏதோ ஒரு மெஷினைப் பற்றி வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறார். "எப்ப இருந்து இப்படி?" என்றேன். "நீ வெளிய போனா தூங்கிடறா. நீ இருக்கேன்னு தெரிஞ்சாதான் நெஞ்சு கேட்கறா" என்றார். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "சொன்னா நீ அழுவ" என்றார். கொஞ்சம் யோசித்து, "மெஷினும் வராது" என்றார். நான் அழவில்லை அண்ணி. கொஞ்சம்தான். ஆகையால் மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். கனமானாலும் சரி, கத்தினாலும் சரி, கண்ணில் படுகிற எதையாவது வாங்கி வாருங்கள், ஆனால் அவரிடம் கொடுத்துவிடாதீர்கள். திங்கட்கிழமை மதியம் என்னை நினைக்காமல் அவள் தூங்குகிற நேரத்தில், நிமிஷத்துக்கொரு தடவை நான் வீட்டுக்குப் போன் போட்டு அவளை எழுப்பிவிடாமல் இருக்க, என் கையில் ஏதாவது இருந்தாக வேண்டும்.