நாலு சில்லும் வழுக்கிய நாள்

கணவனிடம் கார் ஓட்டப் பழகும் பெண் இரண்டு வித்தை பழகுகிறாள். ஒன்று கார் ஓட்டுவது. மற்றது வாயை மூடிக்கொண்டிருப்பது. எனக்கு முதலில் கைவந்தது இரண்டாவதுதான்.

விட்பியில் வீடு வாங்கி வந்த முதல் வின்டர் அது. யூனியன்வில்லில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. கோடையில் லைசென்ஸ் எடுத்தவள் நான். ஸ்னோவில் ஒருநாளும் ஓட்டியதில்லை. அதற்கென்றே என் கணவர் ரவி பழைய ஃபோர் வீல் ஜீப் ஒன்று வாங்கினார். (எனக்காகத்தானாம். கழுவித் துடைத்து, பக்கத்தில் நின்று படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பியது அவர்.)

திங்கட்கிழமை வேலை தொடங்க வேண்டும். ஞாயிறு காலை, கடைத்தொகுதி ஒன்றின் வெறும் பார்க்கிங்கில் பாடம் தொடங்கியது. கணுக்கால் புதையும் ஸ்னோ.

"உந்தக் குமிழை ஃபோர் வீலுக்குத் திருப்பும். இனி நாலு சில்லும் சேர்ந்து இழுக்கும். கீழை ஐஸ் கிடந்தாலும் பயமில்லை."

"பிரேக்கும் அப்பிடிப் பிடிக்குமோ?"

"பிடியாமல்? இருபது வருஷமா கனடாவிலை ஓடுறன். சொன்னதைச் செய்யும்."

நம்பினேன். (அந்தக் காலத்தில் அவர் மழை வரும் என்றால் குடை எடுப்பேன்.)

ஜீப் ராணி மாதிரிப் புறப்பட்டது. ஸ்னோவை உழுதுகொண்டு போனது. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "இன்னும் கொஞ்சம் அமத்தும்," என்றார். அமத்தினேன். எதிரே கடைத் தள்ளுவண்டில்களை அடுக்கும் கம்பிக்கூடு தெரிந்தது.

"இப்ப பிரேக்! நல்லா அமத்தும்!"

நல்லாகவே அமத்தினேன். காலுக்குக் கீழே பிரேக் கடகடவென்று அதிர்ந்தது. ஜீப் நிற்கவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினேன். அதுவும் கேட்கவில்லை. நாலு சில்லும் ஒற்றுமையாக வழுக்கின. புறப்பட உதவும் ஃபோர் வீல் நிற்க உதவாது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. இருபது வருஷம் ஓடியவர் "ஐயோ அம்மா!" என்று கத்தினார்.

கூடு சரிந்தது. வண்டில்கள் அவிழ்த்துவிட்ட மாடுகள் போலத் திசைக்கொன்றாக ஓடின. ஜீப் ஸ்னோ மேட்டில் ஏறி மூக்கை உயர்த்திக்கொண்டு நின்றது.

இருவருக்கும் காயமில்லை. "பயந்திட்டீரோ" என்று கேட்பார் எனக் காத்திருந்தேன். அவர் இறங்கிப் போய் பம்பரைத் தடவினார். பிறகு ஜீப்பை இழுத்துவிட வரச்சொல்லித் தம்பிக்குப் போன் எடுத்தார்.

"ஓமடா, இவள்தான். பிரேக் எண்டு நினைச்சு அக்சிலரேட்டரை அமத்திப்போட்டாள்."

நான் பக்கத்திலேயே நின்றேன். "நான் பிரேக்கைத்தானேயப்பா அமத்தினனான்?"

போனைக் கையால் பொத்தினார். "இப்ப உது முக்கியமே?"

முக்கியம்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் வண்டில்களைப் பொறுக்கப் போனேன்.

மறுநாள் வேலைக்குத் தனியாகத்தான் போனேன். சிக்னலுக்கு வெகுதூரத்திலேயே காலை எடுத்து, பிரேக்கை மெல்ல மெல்லத் தொட்டு, முன்னால் போகும் காரிலிருந்து நன்றாக விலகி. பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். அடிக்கட்டும்.

அதற்குப் பிறகு ஜீப் எனக்கு எங்கும் வழுக்கவில்லை. ரவியின் கதைதான் இன்னும் நிற்கவில்லை. பிறந்தநாளோ சாமத்தியவீடோ, எந்த விசேஷத்திலும் அதைச் சொல்லாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அப்போது பிறந்தேயிராத எங்கள் மகள்கூட, "அம்மா, விச் ஒன் இஸ் த பிரேக்?" என்று கேட்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

கதை முடியும்போது ரவிக்குக் குடித்து நல்ல வெறி ஏறியிருக்கும். வெளியே ஸ்னோ கொட்டிக்கொண்டிருக்கும். சாவியை என்னிடம் நீட்டி, "கவனமா ஓட்டும்," என்பார். ஹைவேயில் ஏறுமுன்பே குறட்டை தொடங்கிவிடும்.