அவசர அக்காவுக்கு மதியச் சாப்பாடு

இவரை உங்களுக்குத் தெரியும். ஒரு முட்டையை அவித்துக் கொடுங்கள் என்றால் அடுப்பைப் பற்றவைக்க மாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "முட்டை அவிக்கிறதுல ஜனங்களுக்கு உண்மையான சிக்கல் எங்க இருக்கு?" என்று கேட்பார். குழாய் சொட்டினால் அந்தக் குழாயை விட்டுவிட்டு, உலகத்தில் சொட்டுகிற குழாய்களுக்கெல்லாம் சேர்த்து வழி தேடுவார். அதுவரை கீழே வாளி வைப்பது வேறு யாருடைய வேலையோ. இந்த இனத்துக்குத் தீர்வுக்காரர் என்று பெயர். முன்பு அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தென்பட்டார்கள். இப்போது வீட்டுக்கு ஒருவர்.

நாம் பார்க்கப்போகிற தீர்வுக்காரருக்கு வயது நாற்பத்தொன்று. வேலை நெருக்கடியில் சாப்பாட்டை மறந்துவிடுகிறவர்களுக்கு, இன்று என்ன சமைக்கலாம், எத்தனை நிமிடத்தில் முடிக்கலாம் என்று போனிலேயே யோசனை சொல்லும் செயலி ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருந்தார். வேலை வீட்டிலிருந்தே. அலுவலகம் எது? சமையலறைதான். "பிரச்சினை எங்க இருக்கோ அங்க உக்காந்துதான் யோசிக்கணும்" என்பார். அதனால் வெங்காயம் நறுக்குகிற இடத்தில் கணினி, பாத்திர அலமாரியின் கதவெல்லாம் மஞ்சள் துண்டுச் சீட்டுகள், ஃப்ரிட்ஜின் கதவில் 'இப்போதே', 'இந்த வாரம்', 'பிறகு பார்க்கலாம்' என்று மூன்று வரிசைகள். மூன்றாவது வரிசை நீண்டு நீண்டு ஃப்ரிட்ஜின் கால்வரை இறங்கியிருந்தது.

நடுவில் ஒரு பெண்ணின் படம். சொந்தமும் இல்லை, பழக்கமும் இல்லை. அப்படி ஒருத்தி பிறக்கவே இல்லை. யாருக்காகச் செயலி செய்கிறோம் என்பது மறந்துபோகாமலிருக்க, ஓர் ஆளைக் கற்பனையில் உண்டாக்கிப் படம் ஒட்டிக்கொள்வது அந்தத் தொழிலின் வழக்கம். இவளுக்கு அவசர அக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். வயது முப்பத்துநாலு, இரண்டு பிள்ளைகள், சமைக்கக் கிடைப்பது பதினொரு நிமிடம், காளான் பிடிக்காது. இத்தனையும் தீர்வுக்காரருக்கு மனப்பாடம். தன் அப்பாவுக்கு இடது பக்கம் மூன்று பல் போய்விட்டதும், அவரால் கேரட்டை மெல்ல முடியாததும் தெரியாது.

"அந்தப் பொம்பள இன்னைக்கு என்ன சாப்பிடறதுன்னு ஏழு பேர் யோசிக்கிறீங்க. குடுத்து வெச்சவ" என்பார் அப்பா.

"அவங்க சாப்பிட்டு மிச்சம் இருந்தா நமக்கும் தருவாங்க மாமா" என்பாள் மருமகள்.

மருமகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். ரயில் தாமதமாக வந்தாலும் வரும், அவர் ஒரு நிமிடம் தாமதிக்கமாட்டார். சர்க்கரை நோய்க்கு மதியம் பன்னிரண்டரைக்கு ஊசி. வயிற்றைக் கிள்ளித் தானே போட்டுக்கொள்வார். போட்ட அரை மணிக்குள் சாப்பாடு உள்ளே போயாக வேண்டும். போகாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கும், வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும், பிறகு ஆள் விழுவார். இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

வழக்கமாக மதியம் சாப்பாடு கொடுக்க ஓர் அம்மாள் வருவார். அன்று அவருக்கு விடுப்பு. மருமகளுக்குக் காலை வேலை, வீடு திரும்ப ஒன்றரை ஆகும். சோறு, மசித்த காய், அவித்த முட்டை எல்லாம் ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தாள். கையில் கிடைத்த மஞ்சள் சீட்டில், 'மாமாவுக்கு ஊசி 12.30. டப்பாவைச் சூடு பண்ணி ஒரு மணிக்குள்ள குடுங்க' என்று எழுதிப் படத்துப் பெண்ணின் நெற்றியிலேயே ஒட்டினாள். வாயாலும் சொன்னாள்.

"ஏங்க, கேட்டுச்சா?"

"கேட்டுச்சு, கேட்டுச்சு."

தீர்வுக்காரர்களுக்கு எல்லாமே கேட்கும்.

பதினோரு மணிக்கு அவர் நிமிர்ந்து பார்த்தபோது அவசர அக்காவின் நெற்றியில் சீட்டு இருந்தது. வரிசை குலைந்தால் அவருக்குப் பொறுக்காது. எழுந்து, அதை எடுத்து, கணினியிலிருந்து முழுதாகக் கண்ணையும் எடுக்காமல், 'பிறகு பார்க்கலாம்' வரிசையில் ஒழுங்காக ஒட்டினார். மூலைகளை விரலால் அழுத்தியும் விட்டார்.

பன்னிரண்டரைக்கு அப்பா ஊசி போட்டுக்கொண்டார். ஒன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில், நடைச்சட்டத்தை டொக் டொக்கென்று ஊன்றி வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்தார். போன மாதம் பால் சட்டியைக் கருக்கிய பிறகு அவருக்கு அடுப்பு, ஃப்ரிட்ஜ் எதையும் தொட அனுமதி இல்லை.

தீர்வுக்காரர் திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. மூன்று மணிக்குக் கூட்டாளியிடம் சோதனை முடிவு சொல்ல வேண்டும், சோதித்துப் பார்க்க ஆள் கிடைக்காமல் காலையிலிருந்து தவித்துக்கொண்டிருந்தார். இதோ, உண்மையான பசியோடு ஓர் உண்மையான மனிதர்!

"அப்பா, ஒரு சின்ன சோதனை. இந்த ஆப்ல உங்களுக்கு என்ன சாப்பாடு வேணும்னு கண்டுபிடிங்க."

மகன் தானாக வந்து பேசுவது மாதத்துக்கு ஒருமுறை. அப்பா போனை வாங்கிக்கொண்டார்.

இங்கே அந்தத் தொழிலின் விதி ஒன்றைச் சொல்ல வேண்டும். சோதனையில் ஆளுக்கு உதவக் கூடாது. திணறினால் திணற விட வேண்டும். கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் கேள்வியையே திருப்பிக் கொடுக்க வேண்டும். பக்கத்தில் அமர்ந்து நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

"மனநிலை எப்படின்னு கேக்குதுடா. அஞ்சு மூஞ்சி இருக்கு."

"உங்களுக்கு என்ன தோணுது?"

"பசிக்கிற மூஞ்சி இதுல இல்லையே."

குறித்துக்கொண்டார். அடுத்து, வீட்டில் என்னென்ன பொருள் இருக்கிறது என்று அறுபத்திரண்டு பெயர்கள். பிறகு, புதிய சுவைகளில் ஆர்வம் உண்டா? எத்தனை பேருடன் பகிர்ந்து உண்பீர்கள்? மணி ஒன்று பத்து.

"டேய், சாப்பாடு எங்கடா?"

"இந்த இடத்துல என்ன வரும்னு எதிர்பார்க்கறீங்க?"

"சோறு வரும்னு எதிர்பார்க்கறேன்."

பிரமாதமான பதில். அதையும் குறித்துக்கொண்டார். அப்பாவின் விரல் நடுங்கியது, 'அடுத்து' என்ற இடத்தைத் தொடப்போய் மூன்றுமுறை 'முந்தைய' என்பதைத் தொட்டார். 'பொத்தானைப் பெரிதாக்க வேண்டும்' என்று தீர்வுக்காரர் எழுதினார். அப்பாவுக்கு நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது. 'ஈடுபாடு அதிகம்' என்று எழுதினார். அப்பா ஏதோ குழறினார். 'வாய்விட்டு யோசிக்கிறார், நல்லது.'

போன் டிங்கென்றது. உங்களுக்கேற்ற உணவு கிடைத்துவிட்டது! அடுப்பில் வாட்டிய கேரட். தயாரிக்கும் நேரம் நாற்பத்தைந்து நிமிடம்.

மருமகள் வாசலில் செருப்பைக் கழற்றியவள் மாமாவின் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள். கைப்பை தோளில் இருந்தபடியே, அரை டம்ளர் தண்ணீரில் மூன்று கரண்டி சர்க்கரையைக் கலக்கினாள்.

"மாமா, என்னப் பாருங்க. முழுங்குங்க. அவ்ளோதான். இன்னொரு வாய்."

"சோதனை இன்னும் முடியல..." என்றார் தீர்வுக்காரர்.

அவள் திரும்பிப் பார்த்தாள். நோட்டை மூடிவிட்டார்.

கால் மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை ஏறியிருந்தது. பேச்சும் திரும்பியிருந்தது. "பொத்தான் சின்னதா இருக்குன்னு உன் புருஷன்கிட்ட சொல்லும்மா" என்றார் அப்பா.

"நான் ஒட்டுன சீட்டு எங்கங்க?"

தீர்வுக்காரர் ஃப்ரிட்ஜைப் பார்த்தார். மூன்றாவது வரிசையில், மூலைகூட மடங்காமல், அழகாக இருந்தது. டப்பாவை எடுத்துச் சூடாக்கினார். மூன்று நிமிடம் ஆனது. அப்பா தட்டை வழித்துச் சாப்பிடும்வரை முன்னாலேயே நின்றார். கண் கலங்கியிருந்ததா? இருக்கலாம். அதனால் யாருக்கும் வயிறு நிறையாது.

ஆனால் இனத்தின் குணம் எங்கே போகும்? தட்டைக் கழுவி வைத்த ஈரக் கையோடு ஒரு புதிய சீட்டை எடுத்து, 'ஊசி போடுகிறவர்களுக்குத் தனி நினைவூட்டல்' என்று எழுதத் தொடங்கினார். மருமகள் அதைப் பிடுங்கிக் கசக்கினாள். அவசர அக்காவையும் உரித்தெடுத்தாள்.

"அந்த இடத்துல மாமா படத்த ஒட்டுங்க."

"வேணாம்மா. போய்ச் சேந்துட்டேன்னு நினைப்பாங்க."

"சரி. அப்ப உங்க மகன் ஆளையே பாத்துக்கட்டும். ஏங்க, இனிமே மாமாவுக்கு மதியச் சாப்பாடு நீங்கதான் குடுக்கணும். அந்த அம்மாவ நிறுத்திடறேன்."

மூன்று மணிக்குக் கூட்டாளி அழைத்தார். சோதித்தவர் என்ன சொன்னார்?

"சாப்பாடு எங்கன்னு கேட்டார்."

"அருமையான கருத்து. எழுதி வைங்க, பிறகு பார்க்கலாம்."

இப்படியும் ஒரு மனிதனா என்று சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இந்தக் கதையைப் பாதி படித்துக்கொண்டிருக்கும்போது உள்ளிருந்து யாரோ உங்களைக் கூப்பிட்டார்களே, "இதோ, முடிச்சிட்டு வரேன்" என்று சொன்னீர்களே? அந்தச் சீட்டை எந்த வரிசையில் ஒட்டியிருக்கிறீர்கள் என்று எழுந்து போய்ப் பாருங்கள்.