கவனம் சிதறாத கிரிதரன்

கவனத்தைப் பற்றிப் பேசுபவர் என்றோர் இனம் நம்மிடையே பெருகி வருகிறது. மென்பொருள் எழுதும் எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் ஒருவராவது தென்படுவார். வேலை செய்பவர் என்று தவறாக நினைத்துவிடாதீர்கள். வேலையில் மூழ்குவது எப்படி என்று மற்றவர்களுக்குச் சொல்பவர்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தின் குழுத் தலைவரான கிரிதரன் இந்த இனத்தில் முதல் தரம். காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன், மேசையில் 'தொந்தரவு செய்யாதீர்' பலகை, காலையில் கவனம் பற்றி அரை மணி நேரக் கூட்டம், அந்தக் கூட்டத்துக்குத் தயாராவது பற்றி முந்தின நாளே இன்னொரு கூட்டம், மாதத்துக்கு ஒரு மாநாடு. இதற்கு நடுவே வேலை பார்க்க அவருக்கு நேரம் ஏது? அதற்குத்தான் ஷாமினி இருக்கிறாள்.

கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு அவர்கள் செய்துகொடுத்த முன்பதிவுச் செயலி, சனிக்கிழமை காலைக்கு ஒரே நாற்காலியில் இரண்டு நோயாளிகளைப் போட்டிருந்தது. வெள்ளி மதியத்துக்குள் ஷாமினி பிழையைத் திருத்திவிட்டாள். கிரிதரன் தன் ஃபோனில் ஒருமுறை 'சரி' என்று அழுத்தினால் போதும். ஆனால் ஐந்து மணிக்குள் அழுத்த வேண்டும். வெள்ளி ஐந்துக்கு மேல் எதையும் வெளியிடக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம்.

பதினோரு செய்தி அனுப்பினாள். பதில் இல்லை. எல்ஆர்டி ரயில் பிடித்து, அன்று அவர் பேசவிருந்த மாநாட்டு மண்டபத்துக்கே ஓடினாள்.

மேடையில் கிரிதரன். "எல்லாரும் ஃபோனை ஆஃப் பண்ணுங்க. நான் மத்தியானமே பண்ணிட்டேன். ஒரு மெசேஜ் வரல. எவ்வளவு நிம்மதி தெரியுமா?"

கைதட்டல்.

கேள்வி நேரத்தில் ஷாமினி கையைத் தூக்கினாள். கூட்டத்தில் பேசிப் பழகாதவள். "பாஸ், கிள்ளான் சென்டர் அப்ரூவல்... அதை மட்டும் அழுத்திடுங்க. அஞ்சு நிமிஷம்தான் இருக்கு."

"பாத்தீங்களா!" என்று அவையைப் பார்த்துச் சிரித்தார் கிரிதரன். "இதைத்தான் இவ்வளவு நேரம் சொன்னேன். அவங்கவங்க வேலை அவங்கவங்களுக்கு அர்ஜென்ட். தேங்க்ஸ் மா, நல்ல உதாரணம்!"

அந்த உதாரணத்தைப் பத்து நிமிடம் விளக்கினார். சிறந்த கேள்வி என்று ஷாமினிக்கு ஒரு தண்ணீர்ப் போத்தலும் கிடைத்தது.

மேடையை விட்டு இறங்கும்போது மணி ஐந்து இருபது. "அஞ்சு தாண்டிருச்சே லா. என் ரூலை நானே மீறினா நல்லாவா இருக்கும்?"

ஷாமினி வாசலுக்கு வந்து, மையத்தின் தாதி தனலெட்சுமியை அழைத்து விஷயத்தைச் சொன்னாள்.

"பக்கிரிசாமி அங்கிள் பண்டமாரான்லேர்ந்து ரெண்டு பஸ் மாறி வராரு. நல்லம்மாள் ஆன்டிக்குப் போன தடவையே தள்ளிப் போச்சு. யாரைத் திருப்பி அனுப்பட்டும்? நீயே சொல்லு மா."



கிரிதரன் அதற்குள் ஃபோனைத் திறந்துவிட்டார். மேடைப் படத்தைப் போட்டார். வாழ்த்திய நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கொரு நிமிடத்தில் பதில் போனது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்களுடைய ஒற்றை 'சரி'க்காக எங்கோ யாராவது காத்திருக்கிறார்களா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஏனென்றால் நீங்கள் இதை முதல் வரியிலிருந்து இந்த வரி வரை தலை நிமிராமல் படித்திருக்கிறீர்கள்.

அபாரமான கவனம்.